பந்து சோறு போடுமா?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கே குண்டூர் நாட்டில், குச்சிக்கிழங்குக் கொல்லையை அடுத்த சரிவான திடலொன்றில் சிறுவர்கள் பந்தாடக் கண்டோம். பந்து பள்ளத்தில் உருண்டுவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஒருவன் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். அருகில் நின்ற தந்தை ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பையனை விளையாட்டு விடுதியில சேருங்கன்னு வாத்தியார் சொல்றாருங்க. பந்து சோறு போடுங்களா?"

அவருக்கு நாம் மைக்கேல் சூசைராஜைப் பற்றிச் சொன்னோம். அதை வாசக அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

குமரி மாவட்டத்தில், தூத்தூரை அடுத்த இரவிபுத்தன்துறை என்னும் கடலோரச் சிற்றூரில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் சூசைராஜ். உடன்பிறந்த ரெஜினும் கால்பந்து வீரரே. சூசைராஜ் நடுக்கள ஆட்டக்காரர். பின்னால் நிற்பவரிடம் பந்தைப் பெற்று முன்னால் ஓடுபவரிடம் சேர்ப்பிப்பதே நடுக்களத்தாரின் கடமை. கூட்டம் கொண்டாடுவதோ பெரும்பாலும் கோல் அடித்தவரைத்தான்.

சென்னை சிட்டி அணியில் அவர் ஆடியபோது அதன் சொந்தத் திடல் கோவையில் இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தூத்தூர் வட்டார மீனவர் பலரைக் கடலில் பலிகொண்டது. அந்தத் துயரக் காலத்திலும் அணியின் போட்டிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஊரைப் பிரிந்து வாழும் விளையாட்டு வீரனின் உள்ளத்தை இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2018இல் ஜாம்ஷெட்பூர், 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. அவ்வாண்டே தாய்லாந்தின் கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காகவும் களம் கண்டார். ஏ.டி.கே.யில் அவரை இடப்புற ஓரத்தில் ஆடச் சொன்னார்கள். தாக்கவும் வேண்டும், ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். மறுக்காமல் கற்றுக்கொண்டார். 2020 மார்ச்சில் அவ்வணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. கொரோனா அச்சத்தால் அன்று பார்வையாளர் ஒருவரும் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 20. புதிய பருவத்தின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராகக் கோவாவில் நடந்தது. கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு இல்லாமற்போயிற்று.

முழங்காலின் தசைநார் அறுந்தால் அறுவை மட்டும் போதாது. மெலிந்த தொடைக்கு மீண்டும் வலிமை ஏற்ற வேண்டும். நடக்கவும், பின் ஓடவும், பின் திரும்பவும் படிப்படியாகப் பழக வேண்டும். மாதக்கணக்கில் நீளும் அந்த உழைப்புக்குக் கைதட்ட எவரும் இல்லை. சூசைராஜ் மீண்டு வந்தார். 2022இல் ஒடிஷா அணியில் சேர்ந்தார். மறுபடியும் புதிய ஊர், புதிய மொழி.

ஆகவே அந்தத் தந்தைக்கு நாம் கூறிய மறுமொழி இதுதான்: "பந்து சோறு போடும், ஆனால் ஒப்பந்தம் உள்ளவரைக்கும், முழங்கால் நிலைக்கும் வரைக்கும்தான் போடும். பையனை அனுப்புங்கள். படிப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கோப்பையோடு வந்தாலும் காயத்தோடு வந்தாலும் வீட்டுக் கதவு ஒன்றுதான் என்பதையும் அவன் அறியட்டும்."

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோர் அனைவருக்கும் இது பொருந்துமன்றோ? வெற்றிச் செய்தி வந்தால் ஊரே திரண்டு வரும். அடிபட்ட நாளில் தேடி வரவேண்டியவர்கள் நாமே.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். அவன் பந்தை எடுக்கப் பள்ளத்தில் இறங்கியிருந்தான்.