இன்டர் முடித்த பிள்ளைகளில் சிலரை மனநலப் படிப்புக்கு அனுப்புங்கள்



நம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஒரு வீட்டில் யாருக்காவது மனநலம் கெட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் சில மாதம் வெளியே மூச்சு விடமாட்டோம். பிறகு தாயத்து, மந்திரிப்பு, யாரோ சொன்ன கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்குவது. எதற்கும் அடங்கவில்லை என்றால் ஒருநாள் விடியற்காலை வேலூர் பஸ் ஏறி, சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் போய் நிற்போம். குப்பம், பலமநேர் பக்கத்தார் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போவார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தார் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போவார்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவு ஓடுகிற நாம், அந்த ஆஸ்பத்திரி மேசைக்கு மறுபக்கம் உட்காரவைக்கிற படிப்புக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. இந்த வேண்டுகோள் அதைப் பற்றித்தான். எழுதும் நாங்கள் பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், மனநோயுள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிலர். எங்களுக்குப் பின்னால் கட்சி எதுவும் இல்லை. எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடிக்கவும் இல்லை.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். (பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த கணக்கு அது. தமிழ்நாடு அதில் இருந்தது, ஆந்திரா இல்லை. அக்கரையில் நோய் இருந்து இக்கரையில் இல்லாமல் போகாது.) ஒரு லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவராவது வேண்டும் என்பார்கள். இந்தியாவில் இருப்பது 0.75, அதாவது ஒரு முழு ஆள்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில்.

2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்த நாட்டில், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று இந்தச் சட்டம் எழுதி வைத்தது. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவை மட்டும் யாரும் பேசுவதில்லை. மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையை உலகம் ஒப்புக்கொண்ட அளவுக்குக் கொண்டுவரப் பத்து ஆண்டுக்குள் அரசு முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அந்தப் பத்து ஆண்டு 2028இல் முடிகிறது. அரசைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும், நாமும் கேட்போம். ஆனால் படித்த ஆள் இல்லாமல் பணியிடத்தை மட்டும் உருவாக்கி என்ன பயன்? விளம்பரம் வரும், விண்ணப்பம் வராது, நாற்காலி காலியாகவே கிடக்கும்.

மனநலம் என்றாலே எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் மூன்றாண்டு எம்.டி. என்று நினைத்துப் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். அது ஒரு வழிதான். மனநல மருத்துவரோடு மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரையும் அந்தச் சட்டம் மனநல வல்லுநர் என்றே ஏற்கிறது. அரசின் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவும் இவர்களை வைத்துத்தான் அமைகிறது. மருத்துவர் தவிர மற்ற மூன்று வேலைக்கும் நீட்டில் ரேங்க் வாங்க வேண்டியதில்லை.

சமூகப் பணியாளர் வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அதை வேலை என்றே பலர் நினைப்பதில்லை. நகரியில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீடு. மூத்த மகனுக்கு மனச்சிதைவு நோய், ஆறு மாதமாக மாத்திரை. அந்த வீட்டுக்குப் போகிற சமூகப் பணியாளர் முதலில் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிக் காலியான குழிகளை எண்ணுவார். மாத்திரை மிஞ்சியிருந்தால் திட்டமாட்டார். வாய் உலர்கிறதா, பகலெல்லாம் தூக்கம் வருகிறதா, கை நடுங்குகிறதா என்று கேட்பார். பையன் மாத்திரையை விடுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும், கூச்சத்தில் டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டான். பிறகு அம்மாவைத் தனியாக உட்காரவைத்து அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று விசாரிப்பார். சதரம் முகாமில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கியாகிவிட்டதா, பென்ஷனுக்கு எழுதியாகிவிட்டதா என்று பார்ப்பார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. கடைசியாகத் தறி முதலாளியைப் பார்த்து, பையனுக்கு அரைநாள் வேலை கொடுக்க முடியுமா என்று பேசுவார். நோயாளி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது பல நேரம் இப்படி ஒரு வருகையில்தான் முடிவாகிறது.

இந்த வேலைக்கு வர, எந்தப் பட்டம் படித்திருந்தாலும் முதலில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலையில் சேரலாம், அதில் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவை எடுக்கலாம். இன்டரில் கலைப் பிரிவான எச்.இ.சி. எடுத்தான், இனி இவனுக்கு என்ன இருக்கிறது என்று கைவிடப்படுகிற பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. செவிலியர் என்றால் பி.எஸ்சி. நர்சிங் முடித்து எம்.எஸ்சி.யில் மனநலப் பிரிவை எடுக்கலாம். உளவியல் என்றால் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மனநோயிலிருந்து மீள்பவர்களை வேலைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிக்கும் பட்டப்படிப்பு உண்டு. நிம்ஹான்ஸில் இந்தத் துறையின் பல பிரிவுகளுக்கு மேற்படிப்பு இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்.ஏ. சைக்காலஜி முடித்தாலே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதுவரை அதற்கு இரண்டாண்டு எம்.பில். இருந்தது. இப்போது அது விலகி, நான்காண்டு பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ், அதற்குமேல் எம்.ஏ. என்று பாதை மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தொலைதூர, ஆன்லைன் முறையில் உளவியல் பட்டம் நடத்துவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே மூன்றே மாதத்தில் கவுன்சிலர் ஆகலாம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள். சேர்வதற்கு முன் அங்கீகாரம் இருக்கிறதா என்று மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலில் பாருங்கள். பார்க்கத் தெரியவில்லை என்றால் பிள்ளையின் ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியர்களே, பார்த்துச் சொல்லுங்கள், அது உங்கள் பொறுப்பு.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு உள்ள ஒரு தகுதியைச் சொல்ல வேண்டும்: தமிழ், தெலுங்கு இரண்டும் பேசத் தெரிந்திருப்பது. சர்க்கரைக்கு ரத்தத்தைச் சோதிக்கலாம், எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கலாம். மனநோயில் பேச்சுதான் பரிசோதனை, பல நேரம் பேச்சுதான் மருந்தும். 1960இல் மாநில எல்லையைப் பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திரப் பக்கம் நின்றது. வீடுகள் பிரியவில்லை. பஸ் கண்டக்டரிடம் தெலுங்கில் சண்டை போடுகிற அம்மா, மகனை நினைத்து அழும்போது தமிழில் அழுகிறார். எதிர்வீட்டில் தமிழ்ப் பள்ளியில் படித்த பெரியவருக்குத் தூக்கத்தில் வருகிற வார்த்தையெல்லாம் தெலுங்கு. "யாரோ என்னைக் கூப்பிடுறாங்க" என்று ஒரு பெண் சொன்னால், அது குலதெய்வ நம்பிக்கையா, துக்கமா, நோயா என்று பிரித்தறிய அந்த வீட்டுப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்காரவைத்து இதைச் செய்வது கடினம். இரண்டு மொழியிலும் சிரிக்கவும் திட்டவும் தெரிந்த பிள்ளைகள் புத்தூரிலும் பலமநேரிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் அவர்களுக்கு வேலை இருக்கும். 

வேலை எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில் ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறது. 2023 ஏப்ரலில் இன்டர் முடிவு வந்த இரண்டு நாளுக்குள் ஆந்திராவில் ஒன்பது மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் படித்துவந்த ஒரு மாணவி இறந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 25ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்றது நீதிமன்றம். நூறு பேருக்கு மேல் படிக்கிற ஜூனியர் கல்லூரிகளும் கோச்சிங் சென்டர்களும் திருப்பதியில் எத்தனை என்று ஒரு மாலை நேரம் நடந்து பார்த்தாலே தெரியும். இந்தத் தீர்ப்பை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் நம் இரண்டு மாவட்டத்துக்கே ஆள் போதாது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. அந்தப் பக்கம் போனை எடுப்பவர்களும் பயிற்சி பெற்ற கவுன்சிலர்கள்தான்.

சம்பள விஷயத்தில் உங்களை ஏமாற்ற மாட்டோம். அரசுத் திட்டங்களில் பல இடம் ஒப்பந்த வேலை. தொடக்கத்தில் சாஃப்ட்வேர் சம்பளம் வராது. நோயாளியின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தும் மனம் பாரமாக இருக்கும் நாள்கள் உண்டு, அதைத் தாங்கவும் படிப்பிலேயே பழக்குகிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்று கவனிக்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். அவர்களைத்தான் தேடச் சொல்கிறோம்.

பெற்றோர் கேட்கிற இன்னொரு கேள்வி, "பைத்தியங்களோடு இருந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?" நாங்கள் காதால் கேட்டதுதான் இது. பதிலாக இந்தத் துறையின் பெண்கள் சிலரைக் காட்டுகிறோம். டாக்டர் சாரதா மேனன் 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் அவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார், அரசு பத்மபூஷண் கொடுத்தது. பாகாயம் மையத்தை 1957இல் தொடங்கியவர் ஃப்ளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டு டாக்டர். நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிற முறை அங்கே அந்தக் காலத்திலிருந்தே நடக்கிறது. சென்னையில் வீதியில் கிடந்த மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் பான்யன் அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் அப்போது இருபதுகளில் இருந்த இளம் பெண்கள். இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெண்கள் இத்தனை பேர். உங்கள் பெண்ணைத் தடுக்கப் பார்க்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி நாங்கள் கேட்பது. கல்லூரி நிர்வாகிகளே, உளவியல் பாடம் இல்லாத பட்டக் கல்லூரிகளில் அதைத் தொடங்குங்கள். ஆளில்லை என்றால் முதலில் ஒரு விருப்பப் பாடமாகவாவது வையுங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகளையும் இதையேதான் கேட்கிறோம். ஏழுமலையான் ஊருக்கு வரும் கூட்டத்தில் மனநலம் கெட்டு வழிதவறி நிற்பவர்களை நம்மைவிட அதிகம் பார்ப்பவர்கள் தேவஸ்தான ஊழியர்கள்தான். இன்டர் கல்லூரி முதல்வர்களே, உச்ச நீதிமன்றம் சொன்ன கவுன்சிலரை அமர்த்துங்கள். ஆங்கில ஆசிரியரின் பெயரையே கவுன்சிலர் பலகையிலும் எழுதிவிட்டுக் கணக்குக் காட்டாதீர்கள். வசதி படைத்தவர்களே, கோயிலுக்கு மண்டபம் கட்டுகிறீர்கள், நல்லது. ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிப்புச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஏற்கெனவே வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களே, பாகாயத்திலோ பெங்களூரிலோ எங்கே இருந்தாலும், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெற்றோர்களே, அடுத்த இன்டர் முடிவு வந்ததும் பி.டெக்., எம்.பி.பி.எஸ். என்று மட்டும் பேசாமல், உங்கள் பிள்ளையிடம் இந்தப் படிப்பையும் சொல்லுங்கள். விருப்பம் இருந்தால் அனுப்புங்கள். முடிவு எப்படி வந்தாலும் அன்றிரவு அவர்களைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஆசிரியர்கள், செவிலியர்கள், பெற்றோர் சிலர்