எம்-1 பேப்பரும் ஏற்காடு ரோடும்



ஏற்காடு போறவங்க லேடீஸ் சீட்ல நின்னு ஒரு போட்டோ எடுக்காம கீழே இறங்கறதில்ல. ஆனா அந்த இடத்தோட நிஜமான ஷோ இருட்டற நேரத்துலதான் ஆரம்பிக்கும். கீழே சேலம் மினுமினுக்கும். மலைச்சரிவுல ரோடு சுத்தமா தெரியாது. வண்டிகளோட ஹெட்லைட் மட்டும் மெதுவா ஊர்ந்து போகும். பத்து நிமிஷம் உத்துப் பார்த்தீங்கன்னா, 'ஓஹோ... ரோடு இப்படித்தான் வளைஞ்சு ஏறுதா'ன்னு மனசுக்குள்ள ஒரு மேப் விழுந்துடும். ரோட்டைப் பார்க்காமலே ரோட்டுக்கு மேப்!

உயிரோட இருக்கிற மனுஷனோட மூளைக்குள்ள ஓடற நரம்பு இழைகளுக்கு மேப் போடறதும் கிட்டத்தட்ட இதே டெக்னிக்தான். பேரு, டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வானவில் கலர்ல நூல்கண்டு மாதிரி ஒரு மூளைப் படம் எங்கேயாவது பார்த்திருப்பீங்களே, அது இந்த வீட்டுப் பிள்ளைதான்.

நம்ம தலைக்குள்ள எவ்வளவு வயரிங்?

2003-ல டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டாங்க. 20 வயசு ஆணோட மூளையில இருக்கிற உறை போட்ட நரம்பு இழைகளை எல்லாம் வரிசையா நீட்டினா சுமார் 1,76,000 கிலோமீட்டர். பெண்ணுக்கு சுமார் 1,49,000. பூமியோட சுற்றளவே 40,000 கி.மீ.தான். கேர்ள்ஸ், கோவிச்சுக்காதீங்க, நீளத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்ல. இதுல கவலைப்பட வேண்டிய விஷயம் வேற: 80 வயசுக்குள்ள இந்த நீளத்துல சுமார் 45 சதவீதம் குறைஞ்சுடுதாம். ஆக, 20 வயசுல இருக்கிற நாமதான் வயரிங்ல பணக்காரங்க!

ஒரு இழையோட தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். ஸ்கேன் படத்துல ஒரு புள்ளியோ 2 மில்லிமீட்டர் அகலம். ஒரே புள்ளிக்குள்ள லட்சக்கணக்கான இழைகள் அடங்கிடும். அப்புறம் எப்படித்தான் மேப்?

ஏரியும் மலை ரோடும்

ஹெட்லைட் வேலையை மூளைக்குள்ள செய்யறது தண்ணி. தண்ணி மூலக்கூறு சும்மா இருக்காது, அலைஞ்சுக்கிட்டே இருக்கும். மூளைத் திசுவுல 50 மில்லி செகண்டுக்குள்ள சுமார் 10 மைக்ரான் தூரம் நகர்ந்துடும். ஏற்காடு ஏரியில துடுப்பு போடாம படகை விட்டா எந்தப் பக்கம் வேணும்னாலும் மிதக்கும். ஆனா மலை ரோட்டுல போற பஸ்ஸுக்கு ரெண்டே சாய்ஸ், மேலே இல்லன்னா கீழே. நரம்பு இழைக்குள்ள இருக்கிற தண்ணியும் அந்த பஸ் மாதிரிதான். இழையோட நீளத்துல ஈஸியா ஓடும், குறுக்கே போனா சுவர்ல முட்டும்.

ஸ்கேனர் ஒவ்வொரு திசையிலயும் காந்தப்புலத்தைச் சரிவா வச்சு அளக்குது. அந்தத் திசையில தண்ணி அதிகம் நகர்ந்தா சிக்னல் குறையும். எந்தப் பக்கம் அதிகம் குறையுதோ, அந்தப் பக்கம்தான் இழை போகுதுன்னு அர்த்தம். 1980-களோட நடுவுல பிரான்ஸ்ல டெனிஸ் லெ பிஹான் இந்த அளவீட்டை மூளைக்குக் கொண்டு வந்தார். இன்னிக்கு ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு மூளையில எந்த இடம் அடிபட்டிருக்குன்னு சீக்கிரமா காட்டறதும் இதே டிஃப்யூஷன் ஸ்கேன்தான்.

இப்ப வருது 16 மார்க் கொஸ்டின். 'எம்-1ல ஐகன்வேல்யூ, ஐகன்வெக்டர் எல்லாம் எதுக்குடா படிக்கிறோம்?'னு புலம்பாத இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் உண்டா? 1994-ல பீட்டர் பாஸரும் அவர் டீமும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு 3x3 சமச்சீர் மேட்ரிக்ஸ் போட்டாங்க. தெரியாத எண்கள் ஆறு, அதனால குறைஞ்சது ஆறு திசையில அளக்கணும். அந்த மேட்ரிக்ஸோட பெரிய ஐகன்வேல்யூவுக்கு உரிய ஐகன்வெக்டர் எந்தப் பக்கம் கை காட்டுதோ, அதுதான் இழையோட திசை. இடம்-வலம்னா சிவப்பு, முன்-பின்னா பச்சை, மேல்-கீழ்னா நீலம். புள்ளியில இருந்து புள்ளிக்குத் தாவித் தாவிக் கோடு இழுத்தா, அதுக்குப் பேரு டிராக்டோகிராஃபி. எம்-1 அரியர் வச்சிருக்கிற நண்பர்களே, உங்க மூளைக்குள்ளயே ஆன்சர் இருக்கு!

கொண்டை ஊசியில சறுக்கற கம்ப்யூட்டர்

இதுவரைக்கும் எல்லாம் சூப்பர். இனிமேதான் சிக்கல்.

லேடீஸ் சீட்ல இருந்து பார்க்கறப்ப ரெண்டு வெளிச்சம் ஒரே இடத்துல வந்துட்டு பிரியுதுன்னு வைங்க. அங்க ரோடு ரெண்டும் குறுக்கே வெட்டிக்குதா, இல்ல உரசிட்டு அதது வழியில திரும்பிடுதா? இருட்டுல சொல்ல முடியாது. மூளையிலயும் இதே கதை. வெள்ளைப் பகுதியில 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள்ல ஒண்ணுக்கு மேற்பட்ட திசையில இழைகள் போகுதுன்னு 2013-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. இன்னொண்ணு, தண்ணி ரெண்டு பக்கமும் அலையும். அதனால பாதை தெரியுமே தவிர, சேதி மேலே போகுதா கீழே வருதான்னு தெரியாது.

அடுத்தது வளைவு. சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. 'நரம்பு இவ்வளவு சடார்னு திரும்பாது'ன்னு நினைச்சுக்கிட்டு, கோடு அதிகமா வளைஞ்சா பல புரோகிராம்கள் அங்கேயே நின்னுடும். நம்ம ரோட்டுல விட்டா முதல் வளைவைக்கூடத் தாண்டாது! ஆனா மூளையில நிஜமாவே ஒரு கொண்டை ஊசி இருக்கு. பேரு மேயர்ஸ் லூப். பார்வைக்கான இழைகள்ல ஒரு பகுதி முதல்ல முன்பக்கம் போய், அப்புறம் யு டர்ன் அடிச்சுப் பின்பக்கம் திரும்பும். அது எதுவரைக்கும் முன்னால போகுதுங்கிறதை டிராக்டோகிராஃபி பல நேரம் குறைச்சே காட்டும்.

'போகட்டும், கொஞ்சம் குறைஞ்சா என்ன?'ன்னு விட முடியாது பாஸ். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, மூளையோட பக்கவாட்டு மடலோட முன்பகுதியை எடுக்கிற ஆபரேஷன் உண்டு. திருவனந்தபுரம் ஶ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல 1990-கள்ல இருந்தே செய்யறாங்க. அந்த ஆபரேஷன்ல மேயர்ஸ் லூப் வெட்டுப்பட்டா, எதிர்ப்பக்கத்துல மேல் கால்பகுதி பார்வை போயிடும். படத்துல இழை இல்லைன்னா, அங்க இழையே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. கட்டியைச் சுத்தி வீக்கம் இருந்தாலும் சிக்னல் கெட்டு, இழை காணாமப் போன மாதிரி தெரியும். அதனாலதான் பேச்சு, கை கால் அசைவு சம்பந்தப்பட்ட இடங்கள்ல, படத்தை மட்டும் நம்பாம, பேஷன்ட்டை விழிக்க வச்சுப் பேசச் சொல்லி, லேசான மின்சாரம் கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வெட்டறாங்க.

எல்லாரும் எழுதின ஒரே தப்பு

இந்த மேப்பை எவ்வளவு நம்பலாம்? 2015-ல ஒரு சர்வதேசப் போட்டி வச்சாங்க. 25 இழைக்கட்டுகள் மட்டுமே இருக்கிற மாதிரி ஒரு செயற்கை ஸ்கேன் டேட்டாவைக் கொடுத்து, 'கண்டுபிடிங்க பார்க்கலாம்'னாங்க. 20 குழுக்கள், 96 விடைகள். ரிசல்ட் 2017-ல பப்ளிஷ் ஆச்சு. நல்ல சேதி: பெரும்பாலான முறைகள் நிஜமான கட்டுகள்ல 90 சதவீதத்தைக் கொஞ்சமாவது பிடிச்சுட்டாங்க. கெட்ட சேதி: சரியான கட்டுகளைவிட இல்லாத கட்டுகள்தான் ரொம்ப அதிகம். அந்தப் பொய்க் கட்டுகள்ல பாதி, குழுக்கள் பலருக்கும் பொதுவா வந்திருந்தது! ஒரே பெஞ்ச்ல காப்பியடிச்ச மாதிரி. ஆனா யாரும் காப்பியடிக்கல. ஹெட்லைட்டை மட்டும் வச்சு ரோடு போட்டா, எல்லாருமே அதே இடத்துல ஏமாறுவாங்க.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்'னு நம்ம பாட்டிங்க சும்மாவா சொன்னாங்க? இப்ப நம்ம நாட்டுல அந்த விசாரணை சூடாவே நடக்குது.

பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில தேவராஜன் ஸ்ரீதரன் குழு 2022-ல 'ரியல்-லைஃப்'னு ஒரு அல்காரிதம் கொடுத்தாங்க. ஐடியா சிம்பிள். வரைஞ்ச ஒவ்வொரு இழையும் நிஜமா இருந்தா ஸ்கேன்ல என்ன சிக்னல் வரணும்னு கணக்குப் போடு. அளந்த சிக்னலோட ஒப்பிடு. எந்த இழையை எடுத்துட்டாலும் கணக்கு மாறலையோ, அது சும்மா வந்த டிக்கெட், இறக்கி விடு! இந்தச் சோதனைமுறை முன்னாடியே இருந்துச்சு, ஆனா ரொம்ப ஸ்லோ. இவங்க அதை, நாம கேம் ஆடற கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரி ஜி.பி.யு.வுல ஓட விட்டு, 150 மடங்கு வேகமாக்கிட்டாங்க.

சென்னை ஐ.ஐ.டி.யோட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் வேற ரூட். மூளையை மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, நேரடியாவே படம் எடுக்கறாங்க. கருவிலிருந்த 5 சிசுக்களோட மூளைகளை 5,132 சீவல்களா படம் பிடிச்ச 'தரணி' அட்லஸை 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. யார் வேணும்னாலும் இலவசமா பார்க்கலாம். இது இழை மேப் இல்ல, செல் மேப். உயிரோட இருக்கிறவங்ககிட்ட இந்த வேலை நடக்காது. ஆனா பகல்ல இறங்கி ரோட்டுல நடந்து பார்க்கறதுக்குச் சமம் இது. ஸ்கேன் சொல்றதைச் சரிபார்க்க இப்படி நேரடி ஆதாரம் வேணும்.

ஃபைனல் இயர் மக்களே, ப்ராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்கற பிளான் இருந்தா டிராப் பண்ணுங்க. அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஹியூமன் கனெக்டோம் ப்ராஜெக்ட்டோட ஸ்கேன் டேட்டா, விதிமுறைகளுக்கு ஓகே சொன்னா ஆராய்ச்சிக்குக் கிடைக்கும். 'டைப்பை'னு ஒரு இலவச பைத்தான் லைப்ரரி இருக்கு, அதுலயே இழை வரையலாம். கலர் கலரா படம் வந்ததும் வைவாவுல காட்டிக் கைதட்டல் வாங்கிடலாம்தான். ஆனா எக்ஸ்டர்னல், 'இதுல எத்தனை இழை தம்பி நிஜம்?'னு கேட்டா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடறதுதான் நல்ல ப்ராஜெக்ட். அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!