எங்க ஊர் ரோட்டைச் சாட்சிக்கு இழுக்காதீங்க

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் கார் வாங்கும்போது ஒரே ஒரு காரணம்தான் சொல்லுதாங்க. "ஊருக்குப் போய்ட்டு வரணும்லா, அதான் எஸ்யூவி." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. உங்க காசு, உங்க விருப்பம். உயரமான வண்டியில உக்கார்ந்தா மனசுக்குத் தெம்பா இருக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். ஆபீஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க, அதையும் ஒத்துக்கிடுதேன். எங்க ஊர் ரோட்டை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீங்க.

நான் மணிமுத்தாறுல பெருங்கால் பாசனத்துல வயல் வச்சிருக்கிறவன். கார்னா எங்களுக்கு முதல்ல பருவம், அப்புறம்தான் வண்டி. ஆனியில தண்ணி விட்டா கார் சாகுபடி, ஐப்பசி மழை கை கொடுத்தா பிசானம். அதனால வண்டியைப் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்கலாம். சேத்துல சக்கரம் எப்படிப் புதையும், எதனால வெளியே வரும்ங்கிறது எங்களை விட யாருக்குத் தெரியும்?

முதல்ல, எஸ்யூவின்னா என்னன்னு நம்ம அரசாங்கம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஜிஎஸ்டி கணக்குல மூணு அளவு இருக்கு: நீளம் 4 மீட்டருக்கு மேல, இன்ஜின் 1500 சிசிக்கு மேல, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ. அவ்வளவுதான். நாலு சக்கரமும் இழுக்கணும்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. சேத்துல போகணும், மலையேறணும்னும் கிடையாது. வரி போடுறதுக்கு ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை இருக்கு. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன வண்டிக்கு வரியைக் குறைச்சாங்க. அதிலிருந்து கம்பெனிகள் எல்லாம் நாலு மீட்டருக்குள்ள அடங்குற மாதிரி வண்டியை நறுக்க ஆரம்பிச்சது. பொலிரோவே தப்பலை. 2016-ல முன் பம்பரையெல்லாம் மாத்தி 3995 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தாங்க. போன 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன வண்டிக்கு 18 சதவீதம், பெரிய வண்டிக்கு 40 சதவீதம்னு ஆகியிருக்கு. (டிராக்டருக்கு 12-ல இருந்து 5 ஆக்கினது நல்ல காரியம், அதைச் சொல்லாம விட்டா பாவம்.) ஆக, இன்னைக்கு எஸ்யூவின்னு நீங்க வாங்குறதுல பாதி, சாதாரணக் காருக்கு உயரமான சட்டையை மாட்டி விட்டது. பஞ்ச், வென்யூ, பிரெஸ்ஸா, நெக்ஸான், கிரெட்டா எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, எங்க வாத்தியார் வச்சிருக்கிற ஆல்ட்டோ மாதிரியே.

நிஜமான ஜீப்பு வேற. 1947-ல வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா இங்க பூட்ட ஆரம்பிச்சாங்களே, அந்த வம்சம். லாரி மாதிரி தனிச் சட்டம், அதுக்கு மேல உடம்பு, லிவரைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும். நாலுமுக்கு தாண்டிக் குதிரைவெட்டி பக்கம் போற வனத்துறைக்காரங்களுக்கும் எஸ்டேட்காரங்களுக்கும் அது வேணும். அவங்களை யாரும் குத்தம் சொல்லலை. உங்க வண்டிக்கும் அதுக்கும் உள்ள சொந்தம், புலிவேஷம் கட்டினவனுக்கும் முண்டந்துறைப் புலிக்கும் உள்ள சொந்தம்தான்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்லுதேன்னா, போன பொங்கலுக்கு மச்சான் மகன் சென்னையிலிருந்து புது வண்டியில வந்தான். வயலைப் பார்க்கணும்னான். வாய்க்கால் கரை ஈரமாக் கிடக்கு, நடந்தே போவோம்னேன்.

"மாமா, இது எங்கயும் போகும் மாமா. கிரவுண்ட் கிளியரன்ஸ் 190."

"போகும் மாப்ளே. திரும்பி வரணும்லா?"

கேக்கலை. நூறு அடி போனான். கரை மண்ணு களி. முன்சக்கரம் ரெண்டும் நின்ன இடத்துலயே சுத்துது, சுத்தச் சுத்தப் பள்ளம் தோண்டுது. வண்டி வயிறு தரையில தட்டிட்டு. 190 மில்லிமீட்டர் இடைவெளி என்ன ஆச்சுன்னா, சக்கரம் 190 மில்லிமீட்டர் புதைஞ்சு போச்சு, அவ்வளவுதான்! கனமான வண்டி சீக்கிரம் புதையும், இதுக்குப் படிப்பு வேண்டாம். கடைசியில பக்கத்து வயக்காரர் டிராக்டரைக் கொண்டு வந்து கயிறு கட்டி இழுத்தார். அந்த டிராக்டர் பின்சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும். அதுவே தொழியடிக்க இறங்கணும்னா கேஜ் வீல் மாட்டித்தான் இறங்கும். சேத்துல வண்டியைக் காப்பாத்துறது உயரம் இல்லை. எத்தனை சக்கரம் இழுக்குது, டயர்ல எவ்வளவு பல் இருக்கு, எவ்வளவு கனம், இதுதான். ரோட்டு டயரைப் போட்ட வண்டி சேத்துல இறங்குறது, செருப்புப் போட்டுக்கிட்டு நாத்து நடப் போற மாதிரி.

கரை அன்னைக்கு அரை அடி இடிஞ்சது. அதை வெட்டிப் போட்டு மண்ணு அணைச்சது நானும் இன்னொருத்தரும். மாப்ளே மறுநாளே ஊருக்குப் போயிட்டான்.

அடுத்த வாதம் வெள்ளம். "உயரமான வண்டின்னா மழைத்தண்ணியில தைரியமாப் போலாம்." 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் இந்தத் தாமிரபரணிக் கரையில இருந்தவன்கிட்ட இதைச் சொல்லாதீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஆறு எது, ரோடு எதுன்னு தெரியலை. ஓடுற தண்ணிக்கு உங்க வண்டியோட விலை தெரியாது. அமெரிக்க வானிலைத் துறை அவங்க ஊர் ஜனங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுற கணக்கு ஒண்ணு உண்டு: ஒரு அடி ஓட்டத் தண்ணி சின்னக் காரை இழுத்துட்டுப் போகும், ரெண்டு அடி இருந்தா எஸ்யூவியையும் பிக்கப்பையும் இழுத்துட்டுப் போகும். வித்தியாசம் ஒரே அடி. அந்த ஒரு அடியை நம்பி ஒருத்தன் பாலத்துல இறங்குவான். ஆல்ட்டோக்காரன் பயந்து இந்தப் பக்கமே நின்னுக்கிடுவான், பிழைச்சுக்கிடுவான்.

மாஞ்சோலைக்குப் போக வேண்டாமான்னு கேப்பீங்க. போங்க. செக்போஸ்ட்ல வனத்துறை அனுமதி இருந்தாத்தான் விடுவாங்க, அது வேற. ஆனா அந்த ரோட்டுல அரசு பஸ் போகுது. மணிமுத்தாறு அருவியைத் தாண்டி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து வரைக்கும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காடு அது. தோட்டத்துல வேலை செஞ்ச சனங்க தலைமுறை தலைமுறையா அந்த பஸ்லதான் ஏறி இறங்கினாங்க. பிரசவத்துக்கும் ரேஷனுக்கும் அதே பஸ்தான். 2024-ல கம்பெனி வேலையை நிறுத்தினப்போ அவங்க பட்ட பாடு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதணும். நான் சொல்ல வந்தது, பஸ் ஏறுற மலைக்கு எஸ்யூவி இருந்தாத்தான் போக முடியும்னு சொன்னா அந்த டிரைவர் அண்ணாச்சி சிரிப்பார். அவர் எதிர்ல வரும்போது ஒதுங்கி வழிவிடச் சின்ன வண்டிதான் தோது.

இப்போ அகலத்துக்கு வருவோம். ஆல்ட்டோ கே10 அகலம் 1490 மில்லிமீட்டர். கிரெட்டா 1790. வித்தியாசம் 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு அடி. நகரத்துல அது பார்க்கிங் பிரச்சினை. எங்க தெருவுல அந்த ஒரு அடியிலதான் ஆச்சி திண்ணையில இருந்து காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கா. அந்த ஒரு அடியிலதான் ஆடு படுத்திருக்கு, சைக்கிள் சாத்தியிருக்கு. மாட்டு வண்டிக்கும் ஆளுக்கும் போட்ட தெரு அது.

மார்கழி, தை மாசம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எங்க தெருவுக்கு வந்து பாருங்க. வாசலுக்கு வாசல் பொம்பளைங்க குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டு இருப்பாங்க. ராத்திரி முழுக்க ஓட்டிக்கிட்டு வந்த வண்டி தூக்கக் கலக்கத்துல உள்ள நுழையும். தாழ்ந்த கார்னா குனிஞ்சிருக்கிற ஆள் கண்ணுல படும். மார்பு உயரத்துக்குப் பானட் இருக்கிற வண்டியில, பக்கத்துல குனிஞ்சிருக்கிற ஆள் டிரைவர் கண்ணுக்கே தெரியமாட்டா. போன தைல எங்க தெருவுல ஒரு புள்ளை பொடி டப்பாவைப் போட்டுட்டு நடைக்குள்ள பாய்ஞ்சதை நான் கண்ணால பார்த்தேன். கோலத்து மேல டயர் தடம். ஓட்டினவர் இறங்கி, "ஆள் இருந்ததே தெரியலை அண்ணாச்சி"ன்னார். பொய் சொல்லலை. நிஜமாவே தெரிஞ்சிருக்காது. அதுதான் பயமா இருக்கு.

அமெரிக்காவுல நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டது. பானட் 40 இஞ்சுக்கு மேல உயரமா இருக்கிற வண்டி, நடந்து போற ஆளை இடிச்சா, 30 இஞ்சும் அதுக்குக் கீழயும் சரிவாவும் இருக்கிற காரை விட அந்த ஆள் சாகுறதுக்கு 45 சதவீதம் வாய்ப்பு அதிகமாம். தாழ்ந்த கார் காலை அடிக்கும், ஆள் மேல விழுவான். உயரமானது நெஞ்சையும் தலையையும் அடிக்கும். இதுல முன்னாடி இரும்புக் கம்பி வேற மாட்டிக்கிடுதாங்க. அது சட்டப்படி கூடாதுன்னு மத்திய அரசு 2017 டிசம்பர்லயே சொல்லியாச்சு. இன்னும் நம்ம ஊர்ப் பக்கம் மாட்டிக்கிட்டு அலையுதாங்க. யாரை இடிக்கப் போறாங்களோ! பாரிஸ்ல 2024 பிப்ரவரியில வெளியூர்லயிருந்து வர்ற கனமான வண்டிக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூணு மடங்கு ஆக்கலாமான்னு ஓட்டு வச்சாங்க. ஓட்டுப் போட வந்தவங்க கொஞ்சம் பேர்தான், ஆனா வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஆமான்னு போட்டாங்க.

ஒரு நியாயம் மட்டும் எஸ்யூவிக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். மூட்டுவலிக்காரங்களுக்கு உயரமான சீட்டு நல்லது. எங்க அம்மாவுக்குத் தாழ்ந்த கார்ல இருந்து எந்திரிக்கணும்னா ரெண்டு பேர் கை கொடுக்கணும். ஆனா அதுக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு லட்சம் எதுக்கு? வேகன்ஆர் இருக்கே. உயரமான கூடு, நேரா உக்காருற சீட்டு, ஒல்லி உடம்பு. அம்மா தானே ஏறி தானே இறங்குறா. அதே மாதிரி, அஞ்சு பேர் ஏறின சின்னக் கார் சில வேகத்தடையில அடி தட்டும்ங்கிறதும் உண்மை. மெதுவாச் சாய்ச்சு ஏத்தணும். அம்பாசிடர் அத்தனை வருஷம் இந்த ரோட்டுலதான் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிச்சு, அப்போ தார் கூடக் கிடையாது.

காசுக் கணக்கைச் சொல்லாம விட முடியாது. சின்னக் காருக்கும் நடுத்தர எஸ்யூவிக்கும் இடையில ஆறு லட்சம் ரூபா வித்தியாசம்னு வைங்க. 2025-26-ல சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு விலை குவிண்டால் 2369 ரூபா. ஆறு லட்சத்துக்கு 253 குவிண்டால் நெல்லு. ஏக்கருக்கு 25 குவிண்டால்னு வச்சாலும் பத்து ஏக்கர் நெல்லு, அதுவும் உரம், ஆள் கூலி, அறுப்பு மிஷின் எதையும் கழிக்காம. பம்பர் கொஞ்சம் மேல இருக்கிறதுக்கு ஒரு பூவுக்கான பத்து ஏக்கர் விளைச்சல்.

உங்க சம்பளத்துக்கு அது பெரிசில்லைன்னு சொல்லுவீங்க. சரி. ஆனா உங்க வண்டி எங்க ஊர்ல வந்து நிக்கும்போது கல்யாணச் சந்தையில விலை ஏறுது, அது தெரியுமா? முன்னால மாப்பிள்ளை வீட்டுல "ஒரு வண்டி"ம்பாங்க, பைக்குன்னு அர்த்தம். அப்புறம் "சின்னதா ஒரு கார்" ஆச்சு. இப்போ, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்குத்தான், பெரிய வண்டியாக் கொடுத்தா நாலு பேர் முன்னால கௌரவமா இருக்கும்"னு சொல்லுதாங்க. வரதட்சணை வாங்கினா குத்தம்னு 1961-லயே சட்டம் வந்தாச்சு. என் சேக்காளி ஒருத்தர் இதுக்காக ஒரு ஏக்கர் நஞ்சையைக் கிரயம் பண்ணினார். வண்டி இப்போ கோயம்புத்தூர்ல ஒரு அபார்ட்மென்ட் அடியில நிக்குது. வயல் கை மாறிட்டு. அந்த வண்டியையும் ஊருக்குப் போகத்தான்னு சொல்லித்தான் கேட்டாங்க.

எங்க ஊர் எஸ்யூவி எதுன்னு உங்களுக்குச் சொல்லட்டுமா? டிவிஎஸ் எக்ஸல். ஒரு மூட்டை யூரியா, மம்பட்டி, பால் கேன், பின்னால வீட்டுக்காரி, எல்லாம் ஏத்திக்கிட்டு ஒத்தையடி வரப்புல போகும். சேத்துல சிக்கினா ஒரு ஆள் தூக்கி வெளியே வச்சிரலாம். அதுக்கு மேல சுமை இருந்தா குட்டியானை.

மாசி கடைசியில பிசானம் அறுப்பு. அப்போ எங்க ரோட்டுல பாதி அகலத்துக்கு நெல்லு காயும். அதுவும் சரியில்லைன்னு எனக்குத் தெரியும், களத்துக்கு இடம் பத்தாம செய்யுறோம். வர்றவங்க பெரிய வண்டியைக் கோயில் திடல்ல விட்டுட்டு நடந்து வாங்க, கால் கிலோமீட்டர்தான். நெல்லு மேல ஏத்தினா அரிசி உடையும், உடைஞ்ச நெல்லை வியாபாரி மூட்டைக்கு இவ்வளவுன்னு குறைச்சுத்தான் எடுப்பான்.