பிளைவுட்டுக்குப் பசை, டம்ளரில் எமன்: மெத்தனால் என்பது என்ன?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தமிழ்நாடு முழுக்க அடிபட்ட பெயர் மெத்தனால். 2023-ல் மரக்காணத்திலும் இதே பெயர்தான். மெத்தனால் என்றாலே விஷம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால், நீங்கள் லேப்டாப் வைத்திருக்கும் மேசை பிளைவுட்டாலோ பார்ட்டிகிள் போர்டாலோ ஆனது என்றால், அதை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் மெத்தனாலில் இருந்து வந்ததுதான்.

ஆல்கஹால் குடும்பத்திலேயே சின்னது இது. ஒரே ஒரு கார்பன். மதுவில் இருக்கும் எத்தனாலில் கார்பன் இரண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் தண்ணீரில் முழுசாகக் கலந்துவிடும், வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று. மெத்தனால் 65 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எத்தனால் 78-ல். ஆய்வகத்தில் பிரித்துவிடலாம், நாக்கால் முடியாது.

ஒரு காலத்தில் மரத்தைச் சூடாக்கி எடுத்தார்கள். இப்போது இயற்கை எரிவாயுவில் இருந்து தயாராகிறது, சீனாவில் நிலக்கரியில் இருந்து. உலகம் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் தயாரிக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. பசைக்கான ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், பயோடீசல், மருந்து ஆலைகளின் கரைப்பான், பெயின்ட் தின்னர் என்று பட்டியல் நீளும். கப்பல்களும் இதற்கு மாறத் தொடங்கிவிட்டன. மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் கன்டெய்னர் கப்பலை மெர்ஸ்க் நிறுவனம் 2023-ல் இறக்கியது.

சரி, உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது? மெத்தனாலை விடக் கொடியது, கல்லீரல் அதை மாற்றித் தருவதுதான். முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே அமிலம். அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது; பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. 10 மி.லி. கண்ணைப் பறிக்கலாம். 30 மி.லி. உயிரையே எடுக்கலாம்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. குடித்தவருக்கு முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரியே இருக்கும். சில சமயம் ஒருநாள் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, கண்முன் பனிமூட்டம். ‘நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று வீட்டில் படுத்திருப்பவரைத்தான் முதலில் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து உண்டு. அது கிடைக்காத இடங்களில் டாக்டர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள். கல்லீரல் அதைக் கவனிக்கும் நேரத்தில் டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை வெளியேற்றலாம். இது தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை, வீட்டு வைத்தியம் அல்ல.

அப்படின்னா தடை செய்துவிடலாமே? முடியாது. செய்தால் பிளைவுட் ஆலையும் மருந்து ஆலையும் நின்றுவிடும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. கருணாபுரத்துக்குப் பிறகு, உயிர்ப்பலி ஏற்படுத்தும் சாராய வியாபாரத்துக்கு ஆயுள் தண்டனை வரை சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால், தண்டனை மரணத்துக்குப் பிறகு வருவது. டிரம் கைமாறுவது அதற்கு முன்பு.

ஆகவே, கணக்கு டேங்கரோடு முடியக் கூடாது. ஆலை எவ்வளவு வாங்கியது, எவ்வளவு செலவழித்தது, மீதி எங்கே என்பது ஒவ்வொரு டிரம்முக்கும் தெரிய வேண்டும். எல்லா மெத்தனாலிலும் சாயமோ கசப்புப் பொருளோ கலக்கச் சொன்னால் மருந்து ஆலைகளுக்கு அது அசுத்தமாகிவிடும். ஆனால் தின்னராகவும் கரைப்பானாகவும் சில்லறையில் போகும் சரக்கில் கலப்பதற்கு அப்படி என்ன தடை? அந்தச் சரக்குக்காவது உடனே இதைக் கட்டாயமாக்கலாம்.