பரணிலும் மொட்டை மாடியிலும்

கோவை, ஓசூர், சேலம் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளின் மொட்டை மாடிகளில் சாய்வாக நிற்கும் சோலார் ஹீட்டர்களைப் பார்க்கலாம். அவற்றில் எத்தனை இன்றும் வெந்நீர் தருகின்றன என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். பல வீடுகளில் அதற்குப் போகும் குழாயை மூடிவிட்டு, குளியலறையில் ஒரு கீசரை மாட்டிக்கொண்டோம். மேலே நிற்பது நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதே வீட்டின் பரணில் ஒரு பிக்சர் டியூப் டிவி கிடக்கும். பக்கத்தில் பழைய செட்டாப் பாக்ஸ், உப்பிய பேட்டரியோடு ஒரு லேப்டாப், எந்த போனுக்கு என்றே தெரியாத சார்ஜர்கள். மேலே இருந்ததை நாம் பராமரிக்கவில்லை. உள்ளே இருப்பதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கவில்லை.

தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை. இந்த ஹீட்டர்களை வாங்கியவர்கள் படித்தவர்கள். சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிறவர்கள். சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பிள்ளைகளுக்குப் பூமிப்பந்து வரைந்து கொடுத்தவர்கள். வாங்கும் நாளில் நமக்கு உண்மையான அக்கறை இருந்தது. அடுத்த நாள் முதல் அந்தப் பொருளுக்கு நாம் செய்ய வேண்டியது எதுவோ, அதைத்தான் செய்யவில்லை.

சோலார் ஹீட்டர் மிக எளிமையான கருவி. கறுப்புப் பூச்சுள்ள செப்புத் தகட்டின் மீதோ, இடையில் காற்று நீக்கப்பட்ட இரட்டைக் கண்ணாடிக் குழாய்களின் மீதோ வெயில் விழுகிறது. சூடான நீர் இலேசாகி மேலேறித் தொட்டிக்குள் போகிறது, குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது. மோட்டார் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர் பரப்பு இருந்தால் நாளுக்கு 100 லிட்டர் நீர் 60 டிகிரி வரை சூடாகும். நான்கு பேர் குளிக்க அது போதும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் வெந்நீர் குறையும். அதற்கென்றே தொட்டிக்குள் ஒரு மின்சுருளையும் வைத்துக்கொள்ளலாம். மீதி நாட்களில் செலவே இல்லாத வெந்நீர்.

பெரும்பாலும் அதை முடக்கியது உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடேறும்போது பிரிந்து, குழாயின் உட்சுவரில் வெள்ளையாகப் படியும். முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆண்டு வெந்நீர் வெதுவெதுப்பாகும். பிறகு செப்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், கண்ணாடி டியூப்களின் அடியில் சுண்ணாம்பு சேரும். ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியை வடித்து, குழாய்களின் படிவை நீக்கி, துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்வதற்காகத் தொட்டிக்குள் வைத்திருக்கும் மக்னீசியம் கம்பி தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அது நம்மிடம் கேட்டது இவ்வளவுதான். பைக்கைத் தவறாமல் சர்வீஸுக்கு விடுகிற நாம், மாடியில் இருந்ததை அது பழுதாகும்வரை ஏறிக்கூடப் பார்க்கவில்லை. பழுதானதும் ‘சோலார் எல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது’ என்று தீர்ப்பு எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவதையும் தடுத்தோம். நம் அலட்சியத்தின் பழியை வெயிலின் மேல் போட்டோம்.

அந்த மாடியிலேயே மாற்று வழி இருந்ததை நினைக்கும்போதுதான் வேதனையாக இருக்கிறது. 2003-இல் தமிழகம் முழுவதும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 80,000 லிட்டருக்கு மேல் வரும். நாளுக்கு 100 லிட்டர் என்ற கணக்கில் ஹீட்டருக்கு ஓராண்டில் தேவைப்படுவது 36,500 லிட்டர். விழுகிற மழை முழுவதையும் தேக்கிவைக்க எந்த வீட்டிலும் இடம் இராது. ஆனால் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அந்த மென்னீரை ஹீட்டருக்குத் திருப்பியிருந்தால், குழாய்கள் இன்னும் பல ஆண்டுகள் தாங்கியிருக்கும். ஒரே மாடியில் இருந்த இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்து யோசிக்க வீட்டுக்காரரும் பொறியாளரும் பிளம்பரும் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

மாறாக, சுவிட்சைப் போட்டோம். 2 கிலோவாட் கீசர் தினமும் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2016 முதல் அரசு இலவசமாகத் தந்துவந்த 100 யூனிட்டில் பாதிக்கு மேல் குளியலறைக்கே போனது. நேரத்தையும் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் கீசர் ஓடுவது காலை ஆறிலிருந்து எட்டரைக்குள். சூரிய மின்சாரம் இன்னும் வலுக்காத அந்த வேளையில் சுமையைத் தாங்குவதில் பெரும்பங்கு நிலக்கரிக்கு. அந்த நிலக்கரியின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, அங்கே இறாலும் மீனும் பிடித்து வாழ்ந்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. நாம் குளித்த வெந்நீருக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் வீட்டுக்கு வெந்நீர் தேவைப்படும் மாதங்கள் குறைவு என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மருத்துவமனைக்கும் மாணவர் விடுதிக்கும் லாட்ஜுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும். இத்தகைய கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி தேவை என்று நம் கட்டட விதிகள் வெகுகாலமாகவே சொல்லி வருகின்றன. வரைபடத்தில் அதற்கு இடம் காட்டி அனுமதி வாங்கியவர்கள் நாம். கட்டி முடித்த பிறகு அது ஓடுகிறதா என்று கேட்காத அலுவலர்களும் நாம், அந்த விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும்போது ‘ஹாட் வாட்டர் உண்டா?’ என்று மட்டும் கேட்ட பெற்றோரும் நாம். பக்கத்தில் பெங்களூரு இருக்கிறது. அங்கே 2007 முதல் புதிய வீட்டுக்கு மின் இணைப்பு தரும்போதே சோலார் ஹீட்டர் இருக்கிறதா என்று பார்க்கும் விதி வந்தது. வைத்திருப்பவருக்கு மாதக் கட்டணத்தில் சிறு தள்ளுபடியும் கிடைத்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் ஒரு நகரத்தின் கூரைகளே அதனால் மாறின. ஓசூர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய்வந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அதைப் பார்த்தார்கள். பார்த்ததை இங்கே யாரும் கோரிக்கையாக வைக்கவில்லை.

பரணில் இருப்பதற்கு வருகிறேன். அதுதான் இன்னும் கனமானது.

2006-இல் தொடங்கி, தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வந்தன. இவற்றைக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்த பிள்ளைக்கு அந்த டிவி எவ்வளவு பெரிய கௌரவம் என்பதும், அம்மியிலிருந்து விடுபட்ட பெண்ணுக்கு அந்த மிக்ஸி என்ன கொடுத்தது என்பதும் தெரிந்தவர்கள் அதை இகழ மாட்டார்கள். கேள்வி வேறு. ஒரே காலத்தில், ஒரே அளவில், கோடிக்கணக்கில் கொடுக்கப்பட்ட பொருள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகும் என்று கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை. எழுதவும் பேசவும் தெரிந்த நாமும் கேட்கவில்லை. அந்தத் திட்டத்தை ஆதரித்தும் எதிர்த்தும் எத்தனை மேடைகளில் பேசினோம்! இந்தப் பெட்டி செத்த பிறகு எங்கே போகும் என்ற ஒரு கேள்வியை இரு தரப்பிலும் எவரும் எழுப்பியதாக நினைவில்லை.

பிக்சர் டியூபின் பின்புறம் புனல் போல் குறுகும் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. பார்ப்பவரை எக்ஸ் கதிரிலிருந்து காக்கச் சேர்த்தது அது. டிவி முழுசாக இருக்கும்வரை அந்த ஈயம் நம்மைக் காக்கும். உடைத்தால், தூளாகி மண்ணுக்குப் போகும். தட்டைத் திரை டிவி வந்ததும் அந்தக் கண்ணாடியை மறுபடி பிக்சர் டியூப் செய்ய வாங்குவாரும் இல்லாமல் போனார்கள். காயலான் கடையில் அதைச் சுத்தியலால் தட்டி, கழுத்தில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஏரிக்கரையிலோ குப்பைமேட்டிலோ கொட்டுவார்கள். ஒயர்களைக் கொளுத்துவார்கள், பிளாஸ்டிக் உறை எரிந்தால் செம்பு கிடைக்கும், கூடவே டையாக்சினும் ஃபியூரானும் புகையோடு போகும். போர்டுகளை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பார்கள், மிச்ச அமிலம் சாக்கடையில் இறங்கும். சென்னையிலும் வேறு பெருநகரங்களிலும் இப்படி மின்கழிவைப் பிரிக்கும் இடங்களின் மண்ணில் இந்த நஞ்சுகள் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

காயலான் கடைக்காரரைக் குற்றவாளி ஆக்குவது சுலபம். அப்படிச் செய்தால் அது இன்னொரு பொய். அவரைத் தேர்ந்தெடுத்தது நாம். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வேறு இடங்களிலும் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அவற்றின் பட்டியல் உண்டு. ஆனால் அங்கே அதிக விலை கிடைக்காது, கொண்டுபோகும் அலைச்சலும் நம்முடையது. வாசலுக்கே வந்து கையில் காசு கொடுப்பவரிடம் இன்னும் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசி, நஞ்சைத் தள்ளிவிட்டோம். அந்த ஐம்பது ரூபாய்க்காக ஒயரைக் கொளுத்தும் கைகள், வேறு பிழைப்புக் கிடைக்காதவர்களின் கைகள். அவர்களுக்கு முறையான பட்டறையும் கையுறையும் கூலியும் கிடைக்க நம் சங்கங்களோ நகராட்சிகளோ என்ன செய்தன என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும். பொருளைப் பிரித்தெடுக்கும் திறமையில் அவர்களுக்கு ஈடானவர்கள் குறைவு. அந்தத் திறமையை வெறுங்கையோடு நெருப்பில் நிறுத்தினோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகள் 2011-இல் எழுதப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் அவை திருத்தி எழுதப்பட்டன. 2022-இல் மறுபடி எழுதப்பட்டு 2023 ஏப்ரலில் அமலாகின. விற்ற நிறுவனமே தன் பொருளின் கழிவுக்குப் பொறுப்பு என்பதுதான் இவற்றின் அடிப்படை. 2016 விதிகளில் நுகர்வோரின் கடமையும் தனியாகச் சொல்லப்பட்டிருந்தது. கடையில் டிவி வாங்கும்போது இ.எம்.ஐ., வாரண்டி, ஸ்டாண்ட் என எல்லாவற்றையும் விசாரித்த நாம், ‘பழையதை உங்கள் கம்பெனி எங்கே எடுத்துக்கொள்ளும்?’ என்று விசாரிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவர்களும் அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் விதி காகிதத்திலேயே தங்கிவிடும். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மின்கழிவு அதிகம் உண்டாக்கும் நாடுகளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நாம்.

முடியாத காரியமா என்றால், இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பானியர்கள் 2017 முதல் இரண்டாண்டுகள் தங்கள் பழைய கருவிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய செல்போன்கள் உட்பட, சேர்ந்த கருவிகளிலிருந்து 32 கிலோ தங்கம் பிரித்தார்கள். சுமார் ஐயாயிரம் பதக்கங்களுக்கான பொன், வெள்ளி, வெண்கலம் முழுவதும் அப்படித்தான் வந்தது. நம் மேசை இழுப்பறைகளில் தூங்கும் போன்களிலும் அதே தங்கம் இருக்கிறது. நம் ஊரிலும் ஒன்று ஓரளவு நடக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டருக்குப் புதிய பேட்டரி வாங்கப் போனால், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். அதனால்தான் பரணில் இன்வெர்ட்டர் பேட்டரி கிடப்பதில்லை. திருப்பிக் கொடுத்தால் காசு என்பது வாங்கும் இடத்திலேயே உறுதியாக இருந்தால் நாமும் கொடுக்கிறோம். அந்தப் பேட்டரிகளில் இருக்கும் ஈயத்திலும் ஒரு பகுதி ஊர்ப்புறத்து உலைகளில் திறந்த வெளியில் உருக்கப்படுகிறது என்பது மறக்கக் கூடாத துயரம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் சொன்னது. இந்தியக் குழந்தைகள் அதில் கோடிக்கணக்கானோர்.

இப்போது புதிய அலை ஒன்று வந்திருக்கிறது. 2024-இல் ஒன்றிய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்பலகை வைக்கும் திட்டத்தை அறிவித்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் முன்பு ஹீட்டருக்குக் காட்டிய அதே உற்சாகத்தோடு, அதே மறதியோடு வரவேற்கிறோமோ என்று அஞ்சுகிறேன். வீட்டுப் பலகை தன் மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். வெந்நீர்க் கருவி பாதி அளவுக்கு வெப்பமாகப் பிடிக்கும். அந்த மின்சாரத்தைக் கொண்டு கீசரை ஓட்டப்போகிறோம் என்றால், மாடியில் முடங்கிக் கிடக்கும் பழைய ஹீட்டருக்கு ஒரு பிளம்பரை அழைத்துப் படிவை நீக்கிப் பார்ப்பது அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

2022 விதிகள் சூரிய மின்பலகைகளையும் மின்கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. இன்று கூரையில் ஏறுபவை 2050 வாக்கில் இறங்கும். அதற்குள் இன்வெர்ட்டர்கள் ஒருமுறையோ இருமுறையோ மாறியிருக்கும். பலகை பொருத்த வருபவர் நீட்டும் ஒப்பந்தத்தில் 25 ஆண்டு வாரண்டிக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. காலம் முடிந்தபின் அதை யார் இறக்கி, எந்த வாகனத்தில் ஏற்றி, எந்த மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள் என்ற வரியையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.