மலைத் தாய்மாரின் இரட்டை உழைப்பு

கொடைக்கானலுக்குக் கோடைவாசத்திற்கென்று செல்லும் கனவான்கள் அங்குள்ள ஏரியையும், குளிர்ந்த காற்றையும், பன்னிரண்டாண்டுகளுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியையும் வியந்து திரும்புகிறார்கள். அவர்கள் தங்கிய விடுதி அறையைப் பெருக்கிப் போர்வையைத் துவைத்து மடித்து வைத்த ஸ்திரீ, அன்று காலையில் தன் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள் என்று அவர்களில் எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள்? விசாரிக்கத் தோன்றாததற்காக நாம் அவர்களைக் குறை கூற முன்வரவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? தேசத்தின் விடுதலைக்கும் ஏழையின் உரிமைக்கும் மேடையேறிப் பேசும் நாமும், நமது வீட்டில் அடுப்பை மூட்டியது யார், குழந்தையின் முகத்தைக் கழுவியது யார் என்பதை எண்ணிப் பார்க்கும் வழக்கமுடையோமா?

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்து காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. காப்பியுடன் மிளகும் மலை வாழையும் விளைகின்றன. மேற்பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும் பயிராகின்றன. இவ்விரு பகுதிகளிலும் களை எடுப்பது, பழம் பறிப்பது, பூண்டு உரிப்பது ஆகிய வேலைகளுக்குப் பெண்களின் கை இன்றியமையாதது. பளியர் குலத்துப் பெண்களும் இத் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கிறார்கள். இவர்களில் சிறு குழந்தைகளை உடையவர்களின் ஒரு நாளை வாசகர்கள் சற்று மனக்கண்ணால் பார்க்க வேண்டுகிறோம்.

மார்கழி மாதம். பனி இறங்கி, பக்கத்து வீட்டுக் கூரையும் தெரியாத வேளை. அவள் எழுந்து குழாயடிக்கோ ஓடைக்கோ சென்று இரண்டு குடம் தண்ணீர் கொணர்கிறாள். எரிவாயு உருளை வீட்டிலிருந்தாலும், அடுத்த உருளை வரும் வரை அதைக் கட்டிக் காக்க வேண்டியிருப்பதால், ஈரச் சுள்ளியை ஊதி ஊதி எரிக்கிறாள். காலைக் கஞ்சியும் மத்தியானச் சோறும் ஒரே சமயத்தில் ஆக வேண்டும். மூத்த குழந்தைக்குத் தலை வாரி, நடுக் குழந்தைக்குச் சட்டை மாட்டி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்திற்கு ஓட வேண்டும். மேஸ்திரி பேர் எழுதும் நேரம் தவறினால் அன்றைய கூலி போயிற்று. மாலையில் கூடையை இறக்கிய கையோடு வழியிலே விறகு பொறுக்கி, தலைச்சுமையாகக் கொணர்ந்து, மறுபடியும் அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே துணி. எல்லோரும் உண்டு படுத்த பிறகே அவள் உட்காருகிறாள். தோட்டத்தில் செய்த வேலைக்குக் கூலி உண்டு. கணக்குப் புத்தகத்தில் இடமும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் செய்ததற்கு இரண்டுமில்லை.

இது கற்பனைக் கணக்கன்று. இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2019ஆம் வருஷத்தில் தேசமெங்கும் ஜனங்கள் தங்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷங்கள் அதில் செலவிட்டனர். வீட்டு வேலை செய்யும் ஆண்களோ 97 நிமிஷங்கள். ‘செய்யும் ஆண்கள்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆடவரில் நூற்றுக்கு 26 பேரே அவ் வேலையில் கை வைத்தவர்கள். எஞ்சிய 74 பேர் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. 2024இல் மறுபடியும் ஆராய்ந்தபோது பெண்களின் பங்கு 289 நிமிஷமாகக் குறைந்திருந்தது. சந்தோஷமே. ஆனால் ஆண்களின் பங்கும் 88 நிமிஷமாகக் குறைந்துவிட்டது! ஐந்தாண்டு முன்னேற்றத்தில் ஸ்திரீகள் பெற்ற லாபம் 10 நிமிஷம். புருஷர்கள் பெற்ற லாபம் 9 நிமிஷம். நமது சமத்துவம் இவ்வளவு நுட்பமாகப் பங்கிடப்படுவதைக் கண்டு வாசகர்கள் மகிழலாம்.

கொடைக்கானல் என்னும் நகரமே குழந்தைகளைப் பற்றிய கவலையில் பிறந்ததென்பது பலருக்கு ஞாபகமிராது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் சமவெளியின் வெப்பத்திலும் நோயிலும் தங்கள் உற்றாரைப் பறிகொடுத்து, எஞ்சியோரைக் காக்கும் பொருட்டே 1845இல் மலைமீது முதல் வீடுகளைக் கட்டினர். 1901இல் அவர்களுடைய குழந்தைகளுக்கென்றே அங்கு ஒரு பள்ளிக்கூடமும் ஏற்பட்டது. பெற்றோர் வேலை ஓரிடத்திலிருக்க, பிள்ளைகள் பத்திரமாக வேறிடத்தில் வளர்வதற்கு ஒரு நகரத்தையே அமைத்தார்கள். அதை நாம் குறை கூறவில்லை. தாய் தந்தையர் செய்யத் தகுந்த காரியமே அது. ஆனால் அவ்வீடுகளில் தண்ணீர் சுமந்தும், துணி வெளுத்தும், பிறர் குழந்தைகளைத் தாலாட்டியும் உழைத்த நம்மவர்களின் பிள்ளைகளுக்கு அந்நகரம் என்ன ஏற்பாடு செய்தது? அந்தக் கேள்வி அன்றும் எழவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும், விடுதலை வந்து தலைமுறைகள் கடந்தும், அது சரியாக எழுப்பப்படவில்லை.

சட்டமே இல்லையென்று சொல்ல முடியாது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 ஸ்திரீகள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டுமென்று விதித்தது. 1981இல் திருத்தம் செய்து, அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தாலும் போதுமென்றார்கள். 2020இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழிற்சட்டத் தொகுப்பிலோ, ஆண் பெண் என்ற பேதமின்றி 50 தொழிலாளருக்கு மேல் இருக்கும் இடங்களுக்குக் காப்பக விதி கூறப்பட்டிருக்கிறது. பிள்ளைக்குத் தகப்பனும் உண்டு என்பதைச் சட்டம் கண்டுபிடிக்க ஏறக்குறைய எழுபது வருஷங்கள் ஆயின! போகட்டும், கண்டுபிடித்ததே நல்லது.

நிற்க. இச் சட்டங்கள் யாவும் பெருந்தோட்டத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. நமது தேசத்தில் காப்பி பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் 25 ஏக்கருக்குட்பட்ட சிறு உடைமைக்காரர்கள். அத்தகைய தோட்டத்தில் இன்று பத்துப்பேர், நாளை பதினைந்துபேர் வேலை செய்வார்கள். அடுத்த வாரம் அவர்களே வேறொரு தோட்டத்திலிருப்பார்கள். 50 என்ற கணக்கு அங்கே ஒருநாளும் நிறையாது. சட்டம் மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. குழந்தை வெள்ளியோக்கு மரத்தில் கட்டிய தூளியில் தூங்குகிறது. தாண்டிக்குடியில் காப்பிக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடிக்கு எந்த உரம் இட்டால் எவ்வளவு விளையும் என்பதையெல்லாம் அறிஞர்கள் அங்கே ஆராய்கிறார்கள். மிகவும் வேண்டிய காரியம். செடியைக் கவனிப்பதில் நூற்றிலொரு பங்காவது அதன் அடியிலுள்ள தூளியைக் கவனிப்பதில் நாம் காட்டலாகாதா?

‘அங்கன்வாடி இருக்கிறதே, காலைச் சிற்றுண்டி இருக்கிறதே’ என்று கேட்பார்கள். உண்டு, அவற்றின் பெருமையை நாம் மறைக்கப் போவதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ராஜ்யமெங்குமுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிக்கப்பட்ட காலைச் சிற்றுண்டித் திட்டம், ஏழைத் தாயின் காலைப்பொழுதில் ஒரு பாத்திரத்தையாவது குறைத்தது. மேடைகளில் இதைப் பள்ளிக் குழந்தையின் பசி தீர்க்கும் திட்டமென்றே பேசுகிறார்கள். தாயின் இடுப்பு வலியைக் குறைக்கும் திட்டமும் அதுவே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அது பள்ளி செல்லும் பிள்ளைக்கு. அங்கன்வாடியில் உட்காருவதோ இரண்டு வயது கடந்த பிள்ளை. அதற்குக் குறைந்த சிசுவுக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. சிசுவை எடுத்து வைத்துக்கொள்ள ஆள் வருவதில்லை.

ஆகவே அந்த ஆள் வீட்டிலேயே அகப்படுகிறாள். பாட்டி என்பீர்கள். மலையில் பாட்டியும் கூலிக்குப் போகிறாள். அகப்படுபவள் ஒன்பது பத்து வயதுள்ள மூத்த பெண். பழம் பறிக்கும் மாதங்களில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கும் சிறுமியை மலைப்பாதையில் செல்வோர் எவரும் காணலாம். கட்டாய இலவசக் கல்விக்கென்று 2009இல் சட்டம் செய்தோம். பள்ளிக்கூடமும், புத்தகமும், உணவும் கொடுத்தோம். ஒரு தொட்டிலைக் கொடுக்காததால் அத்தனையும் அவள் விஷயத்தில் வீணாகின்றன. தாயின் நோவு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. மகளின் எழுத்தையும் அது தின்றுவிடுகிறது.

நகரத்திலும் நிலைமை இதுவே. சித்திரையிலும் வைகாசியிலும் விடுதிகள் நிரம்பி, வேலை மும்மடங்காகும்போது பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. பள்ளி மூடினால் சிற்றுண்டியும் இல்லை, மத்தியான உணவும் இல்லை, பிள்ளையைக் காப்பாரும் இல்லை. ஊரார் தங்கள் பிள்ளைகளுடன் விடுமுறையை அனுபவிக்க வரும் அதே மாதத்தில், அவர்களுக்குப் பணி செய்பவள் தன் பிள்ளையைப் பூட்டிய அறையில் விட்டுவர நேரிடுகிறது.

செய்யத்தக்கது என்ன? சிறு தோட்டக்காரர்கள் தனித்தனியே காப்பகம் வைக்க முடியாதென்பது உண்மை. ஓர் ஊரைச் சூழ்ந்துள்ள தோட்டக்காரர்கள் கூடி ஒன்று வைக்க முடியாதென்பது உண்மையன்று. டில்லியில் கட்டட வேலைத்தலங்களில் மண்ணிலும் சிமெண்டிலும் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் என்னும் அம்மையார், 1969இல் அவர்களுக்கென நடமாடும் காப்பகத்தைத் தொடங்கினார். வேலை போகுமிடத்திற்கெல்லாம் காப்பகமும் போயிற்று. கட்டடம் ஓரிடத்தில் முடிந்து இன்னோரிடத்தில் எழுவது போலத்தானே பறிப்பு வேலையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது? அந்த முறை மலைக்கு முற்றிலும் பொருந்தும். மத்திய சர்க்காரும் 2022இல் வகுத்த ‘பால்னா’ திட்டத்தின்கீழ், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்கும் காப்பகங்களை அங்கன்வாடியோடு சேர்த்து 17,000 இடங்களில் ஏற்படுத்த உத்தேசித்தது. அவற்றில் பழனி மலைக்கு உரிய பங்கைக் கேட்டு வாங்குவது நமது சட்டசபை அங்கத்தினர்களின் வேலை. காப்பகத்தின் நேரம் உத்தியோகஸ்தரின் கடிகாரப்படி இல்லாமல், மேஸ்திரி பேர் எழுதும் நேரத்திற்கு முன் திறந்து, கூடை இறக்கிய பின் மூட வேண்டும். பள்ளி விடுமுறையில் அது மூடவே கூடாது.

சர்க்காரிடம் கேட்பதைக் கேட்டாயிற்று. இனி நம்மவரிடம் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது, அதுவே கடினமானது. தொழிலாளர் சங்கக் கூட்டங்களும் கட்சிக் கூட்டங்களும் மாலை ஆறு மணிக்கு நடக்கின்றன. பெண்கள் வருவதில்லை. ‘அவர்களுக்கு அரசியலில் சிரத்தையில்லை’ என்று தலைவர்கள் அங்கலாய்க்கிறார்கள். ஆறு மணிக்கு அவள் அடுப்பண்டை இருக்கிறாள், ஐயா! அங்கலாய்க்கும் தலைவரின் சோற்றையும் ஒருத்தி அப்போதுதான் வடித்துக் கொண்டிருக்கிறாள்.

1910இல் ஜோஹானஸ்பர்க் அருகே காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் வேலைக்காரர் ஒருவருமில்லை. சமையல் முதல் கக்கூஸ் சுத்தம் வரை அங்கு வாழ்ந்தவர்களே செய்தனர். சிறைக்கு அஞ்சாத வீரரான நம் தம்பி நாயுடு அங்கே ஏற்றுக்கொண்ட பொறுப்புகளுள் ஒன்று சுகாதாரக் கண்காணிப்பு. சத்தியாக்கிரகத்திற்கும் துடைப்பத்திற்கும் பகையுண்டென்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு இல்லாத கௌரவக் குறைவு நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தண்ணீர்க் குடமும் விறகுச் சுமையும் பெண்ணின் தலைக்கென்றே அளந்து செய்யப்பட்டவையல்ல. குழந்தையைக் குளிப்பாட்டவும், ஒரு வேளை உலை வைக்கவும் ஆண் கைக்குத் தெரியாதென்பதை நாம் ஒப்பமாட்டோம்; விடுதிகளில் அதே கை நூறு பேருக்குச் சமைக்கிறதே! சங்கங்கள் தங்கள் கூட்ட நேரத்தை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு மாற்றட்டும். கூட்டம் நடக்கும் இடத்தில் இரண்டு அங்கத்தினர்கள், ஆண்களாகவே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். கூலி உயர்வுக்கான அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் காப்பகத்தையும் ஒரு கோரிக்கையாக எழுதட்டும். கடைசியில் அல்ல, முதலில்.

காப்பிப் பழம் கார்த்திகையில் சிவக்கத் தொடங்கும். அதற்குள் தாண்டிக்குடி வட்டாரத்தில் ஒரு காப்பகமாவது திறக்கப்பட வேண்டும். இடமும் ஒரு கொட்டகையும் கொடுக்கும் தோட்டக்காரர் யார், அதை முன்னின்று நடத்தும் சங்கம் எது என்று அறிய ஆவலோடு காத்திருக்கிறோம்.