56 பில்லியன் டாலர் லாபம்... ஆனா கல்லாவுல காசு ஏறலையே!



2007-ல இருந்து வருஷா வருஷம் நஷ்டம் காட்டின ஒரு அரசு நிறுவனம், திடீர்னு ஒரே வருஷத்துல 56 பில்லியன் டாலர் லாபம்னு அறிவிச்சா என்ன நினைப்பீங்க? "பரவாயில்லையே, மீண்டுட்டாங்க"ன்னுதானே? 2022 நிதியாண்டுல அமெரிக்க அஞ்சல் சேவை அப்படித்தான் அறிவிச்சது. என்னைக் கேட்டா, அது மீட்சியே இல்லை. ஏன்னு சொல்றேன்.

இது அரசு அமைப்புதான். ஆனா அன்றாடச் செலவுக்கு வரிப்பணம் கிடையாது. ஸ்டாம்பும் பார்சலும் விற்கிற காசுலதான் ஓடணும். 2006-ல ஒரு சட்டம் வந்தது. ஊழியர்கள் ரிட்டையர் ஆன பிறகு வரப்போற மருத்துவச் செலவுக்கு இப்பவே பணம் எடுத்து வைக்கணும், அதுவும் வருஷத்துக்குச் சுமார் 5.5 பில்லியன் டாலர். அதே சமயம் கடிதங்கள் குறைஞ்சுக்கிட்டே வந்தது. 2001-ல 10,000 கோடிக்கு மேல போன முதல் வகுப்புத் தபால், இப்போ அதுல பாதி கூட இல்லை. 2012-ல "கட்ட முடியலை"ன்னு நிறுத்திட்டாங்க. கட்டாத பாக்கி கணக்குப் புத்தகத்துல கடனா ஏறிக்கிட்டே இருந்தது.

2022 ஏப்ரல்ல வந்த சீர்திருத்தச் சட்டம் சுமார் 57 பில்லியன் டாலர் பாக்கியை ரத்து பண்ணிடுச்சு. கடன் ரத்தானா கணக்குல அது லாபமா வரும். ஆனா அது வெறும் பதிவு. பேங்க் அக்கவுண்ட்டுக்குப் புதுசா பணம் வராது. இப்போ நீங்களே போடுங்க: 56-ல 57-ஐக் கழிச்சா? நஷ்டம்தான்!

அடுத்த வருஷமே 6.5 பில்லியன் நஷ்டம். 2024-ல 9.5 பில்லியன். இத்தனைக்கும் 2021 தொடக்கத்துல 55 சென்ட்டா இருந்த ஸ்டாம்ப், 2024 ஜூலையில 73 சென்ட் ஆயிடுச்சு.

அந்தப் பாக்கியை ரத்து பண்ணது தப்பான்னு கேட்டா, இல்லை. தேவையில்லாத பாரத்தை இறக்கினது நியாயம்தான். ஆனா பாரம் இறங்குறது வேற, வருமானம் கூடுறது வேற. "2024 நஷ்டத்துல எங்க கட்டுப்பாட்டுல இருந்தது 1.8 பில்லியன்தான், மிச்சம் பென்ஷன் பாக்கி மாதிரி விஷயங்கள்"னு அவங்க சொல்றாங்க. இருக்கட்டும். உங்க வீட்டு லோன் வட்டியும் உங்க கட்டுப்பாட்டுல இல்லை, அதுக்காக இ.எம்.ஐ. கட்டாம இருக்க முடியுமா?

இன்னொரு பக்கமும் இருக்கு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல சுபாய்னு ஒரு கிராமம். அங்கே தபால் கோவேறு கழுதை மேலதான் போகுது. ஸ்டாம்ப் விலை நியூயார்க்ல என்னவோ அதேதான். இந்தச் சேவை நாட்டுக்கு வேணும்னா, அதுக்கு ஆகிற செலவை யார் தர்றதுன்னு வெளிப்படையா முடிவு பண்ணணும். ஒரு வருஷத்து லாபத்தைக் காட்டி அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, இதுல நமக்கு என்ன? போனஸ்ல கிரெடிட் கார்டு பாக்கியை அடைச்சுட்டு "கடன் முடிஞ்சது"ன்னு நிம்மதியா இருக்கோம். அப்பா பர்சனல் லோனை கட்டிக் கொடுத்தாலும் அதே நிம்மதி. ஆறு மாசத்துல கார்டு பில் பழைய இடத்துக்கே வந்துடுது. ஏன்னா, மாசச் செலவு மாறவே இல்லை.

இந்த வாரக் கடைசியில ஒரு வேலை பண்ணுங்க. கடைசி 12 மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. போனஸ், பி.எஃப்.ல எடுத்தது, வீட்டுல கொடுத்தது, இந்த மாதிரி ஒரு தடவை வந்ததையெல்லாம் அடிச்சுடுங்க. மிச்சம் இருக்கிற சம்பளம், செலவையும் இ.எம்.ஐ.யையும் தாண்டுதா? தாண்டினா நீங்க மீண்டுட்டீங்க. தாண்டலைன்னா, அடுத்த போனஸ் வர்றதுக்கு முன்னாடியே செலவுல கை வைங்க.

என்ன வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல பேசுவோம்!